எலும்புப்புரைக்கு மருந்து எழுதியிருக்கிறார்களா? சீட்டோடு நாட்காட்டியையும் எடுங்கள்

மன்னார்குடியில் ஒரு மருந்துக்கடையில் 18 வருஷமாக நிற்கிறேன். எலும்பு பலவீனத்துக்கு எழுதிய சீட்டோடு வருகிறவர்களில் அறுபதைத் தாண்டிய பெண்கள்தான் அதிகம். கூடவே மகனோ மருமகளோ வருவார்கள். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார்கள். மற்ற மருந்துகளுக்கு அந்தக் கேள்வி போதும், இவற்றுக்குப் போதாது. எந்தக் கிழமை, எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம் படுக்கக் கூடாது, அடுத்த ஊசி என்ன தேதி, எந்த வருஷம் நிறுத்துவது, நிறுத்தினால் அடுத்து எது என்று எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். சரியான மருந்தே எழுதியும், தேதி தவறியதால் முதுகெலும்பு நொறுங்கிப்போன ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் யாருக்காவது முதல் தடவையாக இந்த மருந்து எழுதியிருந்தால், கீழே இருக்கிற வரிசையில் போங்கள்.

முதலில், எந்தத் தேய்மானம் என்று கேளுங்கள்

நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "எலும்புத் தேய்மானம்" என்று ஒரே பெயர். முட்டியில் ஜவ்வு தேய்ந்து நடக்கும்போது வலித்தாலும் தேய்மானம்தான், எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிப் போனாலும் தேய்மானம்தான். இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அதற்குத் தமிழில் எலும்புப்புரை என்று பெயர், மருத்துவர்கள் ஆஸ்டியோபொரோசிஸ் என்பார்கள். எலும்பு முறிகிறவரை அது வலிக்காது. வரப்பில் வழுக்கி உட்கார்ந்தோம், குளியலறையில் சறுக்கினோம், அவ்வளவுதான், இடுப்பெலும்பு போய்விட்டது என்று வரும்போதுதான் தெரியும்.

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கம் என்று வாழ்நாள் முழுக்க வேலை நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு கட்டுமானத்தை முந்திவிடுகிறது. நம்மிடம் இருக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை அரிப்பைத் தடுப்பவை. கட்டுமானத்தைத் தூண்டுபவை ஒன்றிரண்டுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்வது எளிதாகப் புரியும்.

உறுதிசெய்வதற்கு, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இடுப்பிலும் கீழ் முதுகிலும் எடுப்பார்கள். அதில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் எலும்பு அடர்த்தி குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. எல்லா ஊரிலும் இந்த இயந்திரம் கிடையாது. தஞ்சாவூர், திருச்சி பக்கம் விசாரித்துவிட்டுப் போங்கள். இலவச முகாம்களில் குதிகாலை ஒரு கருவியில் வைத்து எண் சொல்வார்கள். அது சந்தேகத்தைக் கிளப்ப உதவும், அதை மட்டும் நம்பி மருந்து ஆரம்பிக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், ஸ்கேன் எண் எப்படி இருந்தாலும் சிகிச்சை தேவை.

இன்னொன்று. திடீரென்று நடுமுதுகில் பிடித்துக்கொண்டது, உயரம் குறைந்து கூன் விழுகிறது என்றால் சுளுக்கு வழிக்கக் கூட்டிப் போகாதீர்கள். நாற்று நட்டு நட்டுக் குனிந்த முதுகு, வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். பல சமயம் அது முதுகெலும்புக் கட்டை நசுங்கிய முறிவு. முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

அடுத்து, எலும்புப்புரைதானா என்று ரத்தத்தில் பாருங்கள்

எலும்பை பலவீனமாக்கும் நோய்கள் வேறும் உண்டு. வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பு மென்மையாகிவிடும், அதற்கு வைட்டமின் டி-தான் மருந்து. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் எலும்பிலிருக்கும் கால்சியம் ரத்தத்துக்கு வந்துவிடும், பலருக்கு அதை அறுவை சிகிச்சையில் சரிசெய்வார்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சிறுநீரகக் கோளாறு, மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய் எல்லாமே எலும்பை அரிக்கும். அதனால் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு இவற்றையாவது மருந்துக்கு முன்னால் பார்க்கச் சொல்வார்கள். செலவு என்று தள்ளாதீர்கள். குறிப்பாகக் கால்சியமும் கிரியாட்டினினும் தெரியாமல் எந்த ஊசியும் போடக் கூடாது.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆஸ்துமாவுக்கோ, முடக்குவாதத்துக்கோ, தோல் நோய்க்கோ பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் எலும்பு வேகமாகக் கரையும். மூட்டுவலிக்குப் பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கிய பொடியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் சாப்பிடுகிறவர்கள், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்கள் இவர்களுக்கும் இதே பிரச்சினை வரும். ஆண்களுக்கு எலும்புப்புரை வராது என்று நினைப்பது தவறு.

மூன்றாவதாக, வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்

எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகளால் மிக அரிதாகத் தாடையெலும்பு ஆறாமல் புண்ணாகிவிடும். பல் பிடுங்கிய இடத்தில்தான் அது பெரும்பாலும் ஆரம்பிக்கும். வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று ஐம்பது வருஷம் மென்ற வாய்களில் ஆடுகிற பல்லும் சீழ்ப்பிடித்த ஈறும் எத்தனை என்று நமக்குத் தெரியும். பிடுங்க வேண்டிய பல்லை முதலில் பிடுங்கி, புண் ஆறவைத்துவிட்டு மருந்தை ஆரம்பியுங்கள். மருந்து எடுக்கும்போது பல் மருத்துவரிடம் போனால் என்ன மருந்து, கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள். வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பே கால்சியத்துக்குப் போதும் என்று சில பாட்டிகள் சொல்வார்கள். கூடப் போகிற புகையிலை எலும்புக்கு எதிரி என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு மாத்திரை

பெரும்பாலோருக்கு முதலில் எழுதுவது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து, விலையும் குறைவு. ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு இருந்த பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் புதிய முறிவுகளையும் இடுப்பு முறிவையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. ரிசெட்ரோனேட் 35 மில்லிகிராம் வாரம் ஒன்று, ஐபாண்ட்ரோனேட் 150 மில்லிகிராம் மாதம் ஒன்று என்பவையும் இதே குடும்பம்.

இந்த மாத்திரையைச் சாப்பிடும் விதம்தான் பாதி சிகிச்சை. ஒரு நாள் ஒரு பெரியம்மா கடைக்கு வந்து, "தம்பி, இந்த மாத்திரை நெஞ்சைப் புண்ணாக்குது, வேற குடு" என்றார். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, டவரா டம்ளரில் காபி ஆற்றி, முதல் வாயில் மாத்திரையைப் போட்டு விழுங்கிவிட்டு, குளிர் காலமாச்சே என்று மறுபடியும் ஒரு மணி நேரம் படுத்துவிடுவாராம். 5 மாதம் அப்படியே போயிருக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டாலே அந்த மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. காபியோடு போனால் அதிலும் ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்துவிடும். படுத்துக்கொண்டதால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கி அரித்திருக்கிறது. மருந்தும் சேரவில்லை, புண்ணும் மிச்சம். அவரை மருத்துவரிடம் அனுப்பி, புண் ஆறிய பிறகு முறையாக ஆரம்பித்தோம்.

முறை இதுதான். ஒரு கிழமையை முடிவு செய்து, சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில், பால் கணக்கு எழுதுகிற அதே இடத்தில், அந்தக் கிழமைகளையெல்லாம் வட்டமிடுங்கள். வெள்ளிக்கிழமை குளித்துப் பூஜை முடிக்கும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் தொடாத பழக்கம் உள்ளவர்களுக்கு வெள்ளியே வசதி. எழுந்ததும், வேறு எதுவும் வாயில் படுவதற்கு முன்னால், ஒரு பெரிய டம்ளர் நிறைய, சுமார் 200 மில்லி, வெறும் குடிதண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். கடிக்கவோ சப்பவோ கூடாது. உப்புச் சுவை அடிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். அதன்பிறகு 30 நிமிஷம் படுக்கக் கூடாது, உட்காரலாம், நடக்கலாம். வாசல் தெளித்துக் குனிந்து கோலம் போடுவதையும் அந்த அரை மணி தள்ளிவையுங்கள். ஐபாண்ட்ரோனேட்டுக்கு 60 நிமிஷம். அப்புறம் காபி, இட்லி, மற்ற மாத்திரைகள். கால்சியம் மாத்திரையை அன்றைக்கு மதியத்துக்கோ ராத்திரிக்கோ தள்ளிவிடுங்கள்.

ஒரு வாரம் மறந்துவிட்டால், நினைவு வந்த மறுநாள் காலையில் ஒன்று சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு போடக் கூடாது. விழுங்கும்போது வலித்தாலோ, நெஞ்செரிச்சல் புதிதாக வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் உணவுக்குழாயில் அடைப்போ சுருக்கமோ உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

வருஷத்துக்கு ஒரு ட்ரிப்ஸ்

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மறதி உள்ளவர்களுக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் நல்ல வழி. 5 மில்லிகிராம், வருஷம் ஒரு தடவை, குறைந்தது 15 நிமிஷம் நரம்பில் ஏற்ற வேண்டும். 2007-ல் வந்த ஆய்வு ஒன்றில், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதைக் கொடுத்தபோது புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. இடுப்பில் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பப்படுகிற எத்தனையோ பேருக்கு எலும்புக்கான மருந்தே எழுதப்படாமல் போவதைக் கடையில் பார்க்கிறேன், மனது கஷ்டப்படுகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது "எலும்பு மறுபடி உடையாமல் இருக்க என்ன மருந்து?" என்று நீங்களே கேளுங்கள்.

போகும் நாளில் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். வைட்டமின் டி-யும் கால்சியமும் முன்பே சரியாகியிருக்க வேண்டும். சிறுநீரகத் திறன், அதாவது கிரியாட்டினின் கிளியரன்ஸ், 35-க்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கொடுக்க மாட்டார்கள். முதல் தடவை போட்ட அன்று ராத்திரி காய்ச்சல், உடம்புவலி, குளிர் வரலாம். 3 நாளில் போய்விடும், பாராசிட்டமால் போதும். இது தெரியாமல் டெங்குவோ என்று பயந்து ஓடுகிற குடும்பங்கள் உண்டு. இதே மருந்து 4 மில்லிகிராம் அளவில் புற்றுநோய்க்கும் வருகிறது, சீட்டையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஆறு மாத ஊசி: தேதி தவறவே கூடாதது

டெனோசுமாப் 60 மில்லிகிராம், 6 மாதத்துக்கு ஒரு தடவை தோலுக்கடியில் போடும் ஊசி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்க முடியும் என்பது இதன் வசதி. ஆனால் சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை கொடுத்தது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் மதமதப்பு, தசை இழுப்பு வந்தால் உடனே மருத்துவமனை.

முதலில் சொன்ன அம்மா இந்த ஊசி போட்டுக்கொண்டவர். பாமணியாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். 3 ஊசி என்னிடம்தான் வாங்கினார். நாலாவதற்கு வரவேண்டிய நேரத்தில் சம்பா அறுவடை, அதை அடுத்து மகளுக்குப் பிரசவம். "வலியே இல்லையே, பொறுத்துப் போட்டுக்கலாம்" என்று விட்டுவிட்டார். கடைசி ஊசி போட்டு ஒரு வருஷம் ஆகும் சமயத்தில், குடத்தைத் தூக்கிய ஒரு காலையில் முதுகு விட்டுப்போயிற்று. எக்ஸ்ரேயில் இரண்டு கட்டைகள் நசுங்கியிருந்தன.

காரணம் இது. அலெண்ட்ரோனேட்டும் ஜோலெட்ரானிக் ஆசிடும் எலும்பில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் தங்கும். டெனோசுமாப் தங்காது. 6 மாதம் முடிந்ததும் அதன் பிடி விட்டுப்போகும், அதுவரை கட்டிப்போட்டிருந்த அரிக்கும் செல்கள் முன்பைவிட அதிகமாகக் கிளம்பிவிடும். பாதுகாத்து வைத்த எலும்பு சில மாதங்களில் கரைந்து, ஒரே சமயத்தில் பல கட்டைகள் நசுங்கலாம். ஊசித் தேதி ஓரிரு வாரம் தள்ளலாம், 7-வது மாதத்தைத் தாண்டக் கூடாது. நிறுத்தியே தீர வேண்டும் என்றால் அதற்குப் பதிலாக அலெண்ட்ரோனேட்டோ ஜோலெட்ரானிக் ஆசிடோ எப்போது ஆரம்பிப்பது என்று மருத்துவரிடம் முடிவு செய்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கடையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன், இந்த ஊசி வாங்குகிற ஒவ்வொருவருடைய அடுத்த தேதியும் அதில் இருக்கும், 15 நாள் முன்னால் போன் செய்துவிடுவேன். நீங்கள் வாங்கும் கடையிலும் அப்படிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியை வீட்டு நாட்காட்டியிலும் மகன் மகளின் போனிலும் ஏற்றிவிடுங்கள். அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து என்பதால் நடுவில் புது வருஷம் வந்துவிடலாம், பழைய நாட்காட்டியில் எழுதியது அதோடு குப்பைக்குப் போய்விடும். புது நாட்காட்டி மாட்டும்போது முதல் வேலையாக அந்தத் தேதியை மாற்றி எழுதுங்கள்.

தினமும் போடும் ஊசி

டெரிபாரடைட் எலும்பைக் கட்டுகிற வகை. பேனா போன்ற கருவியில் தினம் 20 மைக்ரோகிராம், தொடையிலோ வயிற்றிலோ வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்கள், எலும்பு மிக மோசமானவர்கள் இவர்களுக்குத்தான் எழுதுவார்கள். வழக்கமாக 2 வருஷம் வரை. முடிந்த கையோடு அரிப்பைத் தடுக்கும் மருந்துக்கு மாறாவிட்டால் கட்டிய எலும்பு கரைந்துபோகும். ஆரம்பத்தில் ஊசி போட்டதும் தலைசுற்றலாம், உட்கார்ந்தோ படுக்கும் முன்போ போடுங்கள். எலும்பில் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் எலும்புக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் கூடாது.

பேனாவை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது. திறந்து 28 நாள் ஆனால் மருந்து மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு கவலை கூடுதல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வந்தபோது எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம்! ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி வந்தால், பேனாவைத் துணியில் சுற்றி, ஐஸ் பை நேரடியாகப் படாமல் வாய் அகலமான ஃபிளாஸ்க்கில் வைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சூடாகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராலாக்ஸிஃபீன் முதுகெலும்பைக் காக்கும், இடுப்பைக் காப்பதாக நிரூபணம் இல்லை. காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் ஆகாது. ரோமோசோசுமாப் 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத ஊசி, 12 மாதம் மட்டும், விலை மிக அதிகம். கடந்த ஒரு வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கூடாது. மூக்கில் அடிக்கும் கால்சிடோனின் ஸ்ப்ரேயின் பலன் குறைவு, அதை நம்பி மற்றதை விடாதீர்கள்.

கால்சியம், வைட்டமின் டி

மேலே சொன்ன எந்த மருந்தும் இவை இல்லாமல் சரியாக வேலை செய்யாது. ஆனால் இவை மட்டுமே மருந்தும் ஆகாது. 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் வரும். முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு, எள், முருங்கைக்கீரை எல்லாம் நம் சமையலிலேயே இருக்கின்றன. பிரண்டைத் துவையலும் சாப்பிடுங்கள், நல்லதுதான். பிரண்டை சாப்பிடுகிறேன் என்று ஊசியை நிறுத்தினால்தான் எனக்குப் பயம். மிச்சத்துக்கு மாத்திரை. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. அது பொதுவாக வாரம் ஒன்று, சுமார் 8 வாரம், அப்புறம் மருத்துவர் சொன்னபடி. தினம் ஒன்று என்று தவறாகச் சாப்பிட்டவர்களையும், பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாரம் தவறாமல் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். 8 பாக்கெட்டிலும் 1 முதல் 8 வரை பேனாவால் எண் போட்டுவிடுங்கள்.

எத்தனை வருஷம்?

மாத்திரை 5 வருஷம், ஜோலெட்ரானிக் ஆசிட் 3 வருஷம் முடிந்ததும் மருத்துவரிடம் போய் "இடைவெளி விடலாமா?" என்று கேளுங்கள். புதிய முறிவு எதுவும் இல்லை, இடுப்பு ஸ்கேன் எண்ணும் தேறியிருக்கிறது என்றால் சில வருஷம் ஓய்வு கொடுப்பார்கள். மருந்து எலும்பில் தங்கியிருப்பதால் அந்த ஓய்வு சாத்தியமாகிறது. காரணமில்லாமல் பத்து, பன்னிரண்டு வருஷம் தொடர்ந்தால் தொடையெலும்பில் வினோதமான முறிவு வரும் வாய்ப்பு கூடுகிறது, அரிதுதான் என்றாலும் அதற்கு அறிகுறி உண்டு. அடிபடாமலே தொடையிலோ இடுக்கிலோ வாரக்கணக்கில் மந்தமாக வலிக்கும். இந்த மருந்து சாப்பிடுகிறவர் அப்படிச் சொன்னால் தைலம் தேய்க்காமல் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஆரம்பித்த மாதம், வருஷம், மருந்தின் பெயர் மூன்றையும் டெக்ஸா ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்தாவது வருஷம் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அந்த ஒரு தாள் போதும். டெனோசுமாப் போடுகிறவர்கள் அதில் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த ஊசிக்கு ஓய்வுக்காலம் கிடையாது.